நாங்களும் மனு குடுக்கத்தான் போனோம்

1

2018 மே 22 சாயங்காலம். உடன்குடி பஜாரில் பாதிக் கடைகள் கதவைச் சாத்திவிட்டன. டீக்கடை டி.வி.யில் தூத்துக்குடி ஓடிக்கொண்டிருந்தது. வேன் மேல் ஏறி நின்ற மஞ்சள் பனியன்காரர் துப்பாக்கியைக் குறி வைக்கிற காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். கடையில் நின்றவர்கள் கொதித்துப்போய்ப் பேசினார்கள். "அநியாயம்ல இது. மனு குடுக்கப் போன சனத்தப் போயி குருவியச் சுட்ட மாரி சுட்டுருக்கானுவ." சொன்னவர் வசதியுள்ளவர். பஜாரில் கடை வைத்திருப்பவர். கண் கலங்கித்தான் சொன்னார். அதில் பொய் இல்லை.

என் மாமா கடைக்கு வெளியே நின்று கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். டீயைக் குடித்து முடித்தார். காசைக் கொடுத்தார். என்னைக் கூட்டிக்கொண்டு தெருவுக்குத் திரும்பி நடக்கும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "ஏல, நாங்களும் மனு குடுக்கத்தாம்ல போனோம்."

மாமா சொன்னது 1999 ஜூலை 23ஐ. அன்றைக்கு அவர் திருநெல்வேலிக்குப் போயிருந்தார். மறுநாள் காலையில் காலில் செருப்பில்லாமல், சட்டையெல்லாம் காய்ந்த சேறாக வந்து நின்றார். அப்போதும் இதே பஜாரில், இதே மாதிரி ஒரு டீக்கடையில் பேச்சு நடந்தது. "சாதிக்கட்சி ஊர்வலத்துக்குப் போனா இப்பிடித்தான். சும்மா கெடக்காம போயி மாட்டிக்கிட்டானுவ." அன்றைக்கும் மாமா காசைக் கொடுத்துவிட்டுப் பேசாமல்தான் வந்திருக்கிறார்.

இரண்டும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போன ஊர்வலங்கள். இரண்டிலும் கையில் இருந்தது மனு. இரண்டும் ஒரு பெருங்கம்பெனிக்கு எதிரானவை. இரண்டும் சாவில் முடிந்தன. ஒன்றில் செத்தவர்களைத் தமிழ்நாடு 'பொதுமக்கள்' என்று அழைத்தது. இன்னொன்றில் செத்தவர்களை அப்படி அழைக்க அதற்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை? இந்தக் கட்டுரையின் கேள்வி அதுதான். போலீசும் அரசும் என்ன சொன்னார்கள் என்பது நமக்குத் தெரியும். அவர்கள் எப்போதும் சொல்வதைத்தான் சொன்னார்கள். நம்மோடு நிற்பதாகச் சொல்லுகிற எழுத்து என்ன செய்தது என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டியிருக்கிறது.

2

முதலில் விவரங்களை வரிசையாக வைத்துக்கொள்வோம். நம்முடைய சாவுகளுக்கு விவரம் கேட்கிறவர்கள் அதிகம்.

மாஞ்சோலை மலையை 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருஷக் குத்தகைக்கு வாங்கியது பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்கள் சமவெளியிலிருந்து கூட்டிப் போகப்பட்ட சனங்கள். பெரும்பாலும் தலித்துகள். மூன்று தலைமுறை உழைத்தும் அட்டைக்கடியும் லைன் வீடும்தான் அவர்களுக்கு மிச்சம். கூலி உயர்வு கேட்டுப் போராடியபோது பெண்கள் உட்பட 600க்கும் மேற்பட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். கூலியை உயர்த்து, சிறையில் இருப்பவர்களை விடு என்று கேட்கத்தான் 1999 ஜூலை 23 அன்று டாக்டர் கிருஷ்ணசாமி தலைமையில் ஊர்வலம் புறப்பட்டது. புதிய தமிழகம் கட்சியோடு வேறு கட்சிக்காரர்களும் அதில் இருந்தார்கள். கொக்கிரகுளத்தில், ஆட்சியர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் மறித்து அடித்தார்கள். ஒரு பக்கம் லத்தி, மறுபக்கம் தாமிரபரணி. ஆற்றில் இறங்கினவர்களையும் விடவில்லை. 17 பேர் செத்தார்கள். அதில் பெண்கள் இருந்தார்கள். ஒரு கைக்குழந்தையும் இருந்தது.

தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு 1994இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மகாராஷ்டிரத்தில் ரத்தினகிரி சனங்கள் வேண்டாமென்று விரட்டிய ஆலை அது. அப்போதிருந்தே எதிர்ப்பும் இருந்தது. 2013 மார்ச்சில் புகை கசிந்து ஊரே மூச்சுத் திணறியது. அடுத்த மாதம், பழைய மாசுக்காக 100 கோடி ரூபாய் கட்டச் சொன்ன உச்ச நீதிமன்றம், ஆலையை மூடச் சொல்லவில்லை. பிறகு வருஷத்துக்கு 4 லட்சம் டன் என்பதை இரண்டு மடங்காக்க வேதாந்தா வேலையைத் தொடங்கியது. 2018 பிப்ரவரி 12 அன்று அ.குமரெட்டியாபுரம் சனங்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். மார்ச் 24இல் நகரமே கடையடைத்துத் திரண்டது. நூறாவது நாள், மே 22, ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போனார்கள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டார்கள். பள்ளிப் படிப்பை முடித்திருந்த ஒரு மாணவியும் அதில் ஒருவர். மே 28இல் ஆலையை மூட அரசு ஆணை போட்டது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம், எச்சரிக்கையில்லாமல் சுட்டார்கள் என்று சொல்லிக் காவல்துறையினர் 17 பேர் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் வேதாந்தாவின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது எந்தச் சாவையும் குறைத்துப் பேசுவதற்காக அல்ல. தூத்துக்குடியில் செத்தவர்களில் நம் சனங்களும் உண்டு, மீனவர்களும் உண்டு, மற்ற சாதிக்காரர்களும் உண்டு. நூறு நாளும் வெவ்வேறு தெருக்காரர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது இந்த மாவட்டத்தில் சாதாரணக் காரியம் இல்லை. அதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

ஆனால் அதற்குப் பிறகு எழுதப்பட்டதைப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. தூத்துக்குடியின் போராட்ட வரலாறு என்று எழுதுகிறவர்கள் எல்லாரும் 1908இலிருந்து தொடங்குகிறார்கள். வ.உ.சி., கோரல் மில் வேலைநிறுத்தம், மார்ச் 13 நெல்லை எழுச்சி, அன்றைய துப்பாக்கிச் சூட்டில் செத்த நாலு பேர். பிறகு 1942, எங்கள் பக்கத்துக் குலசேகரன்பட்டினம். அங்கிருந்து ஒரே தாவாகத் தாவி 2018க்கு வந்துவிடுகிறார்கள். நடுவில் 1995 கொடியன்குளம் இல்லை. 1999 தாமிரபரணி இல்லை. அவை வேறு அலமாரியில் இருக்கின்றன. அந்த அலமாரிக்கு 'சாதிப் பிரச்சினை' என்று பெயர்.

கூலி கேட்டது சாதிப் பிரச்சினையாகவும், புகையை எதிர்த்தது மக்கள் பிரச்சினையாகவும் ஆவது எப்படி? கேட்டவர் யார் என்பதை வைத்துத்தான் ஆகிறது. கோரிக்கையின் தன்மையை வைத்து அல்ல. புகை மேலத்தெருவுக்கும் போகும். தேயிலைத் தோட்டத்துக் கூலி மேலத்தெருவுக்குப் போகாது. மேலத்தெருவைத் தொடும்போதுதான் ஒரு துயரம் 'பொது' ஆகிறது. நம்மை மட்டும் தொட்டால் அது 'குறிப்பிட்ட பிரிவினர்' துயரம். பொதுக்கிணறு, பொதுச்சுடுகாடு, பொதுவழி என்கிற சொற்களில் 'பொது' யாரை வெளியே நிறுத்தியதோ, 'பொதுமக்கள்' என்கிற சொல்லிலும் அது அவர்களைத்தான் வெளியே நிறுத்தியிருக்கிறது.

ரஜினிகாந்த் தூத்துக்குடிக்கு வந்து சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டார்கள் என்று பேசியபோது எல்லோருக்கும் கோபம் வந்தது. வர வேண்டியதுதான். ஆனால் அந்தச் சொல் எங்களுக்குப் பழைய சொல். 1999இல் எங்களை அப்படிச் சொன்னபோது இத்தனை பேருக்குக் கோபம் வரவில்லை.

3

இலக்கியத்துக்கு வருவோம். உழைப்பும் கூலியும் பற்றிய தமிழ் நாவல்களில் நம்முடைய கரையைத் தொட்டவை சில உண்டு. அவற்றை நன்றியோடும் சந்தேகத்தோடும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' 1979இல் வந்தது. தூத்துக்குடி உப்பளத்தைப் பற்றி எழுத வேண்டுமென்று நேரில் வந்து பார்த்து எழுதியவர் அவர். உப்புத் தண்ணியில் வெந்த காலும், வெள்ளை வெயிலில் மங்குகிற கண்ணும், பெண்ணுக்குக் கூலி குறைவு என்கிற அநியாயமும், அளத்தில் பெண்களுக்கு நடக்கிற தொந்தரவும் அதில் இருக்கின்றன. பொன்னாச்சியைப் படிக்கும்போது எனக்கு என் சித்தி ஞாபகம் வந்தாள். சித்தி ஆறுமுகநேரி பக்கம் உப்பளத்தில் இருபது வருஷம் பாத்தி மிதித்து, உப்பு வாரி, பெட்டியில் சுமந்தவள். அந்த நாவலை ஒருநாள் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். நிறைய இடத்தில் "ஆமா, ஆமா" என்றாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்: "தண்ணிப்பானைய எங்க வச்சிருந்தாவன்னு எழுதிருக்கா?"

நான் திரும்பப் புரட்டினேன். என் வாசிப்பில் அந்த நாவல் அந்தக் கேள்விமேல் நெடுநேரம் நிற்கவில்லை. சித்தி வேலை பார்த்த அளத்தில் பானை இரண்டு. ஒன்றில் மோந்து குடிக்கலாம். இன்னொன்றில் இருப்பதை யாராவது ஊற்றினால் கையேந்திக் குடிக்கலாம். எல்லார் காலும் ஒரே உப்பில்தான் வெந்தது. ஆனால் தாகம் இரண்டாக இருந்தது. 'உப்பளத் தொழிலாளி' என்கிற ஒற்றைப் பெயர் வெந்த காலைச் சொல்லுகிறது. ஏந்தின கையைச் சொல்லவில்லை. அந்த நாவலைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பெயர் எவ்வளவு தூரம் நம்மைக் கொண்டுபோகும், எந்த இடத்தில் இறக்கிவிடும் என்று அளந்து பார்க்கிறேன்.

இன்னொரு வகை எழுத்து இருக்கிறது. அது காரணத்தையே மாற்றிவிடும். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட சேரியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' அதை நாவலாக்கியது. சாகித்திய அகாதமி விருதும் வாங்கியது. அதில் நிலக்கிழாரின் வெறிக்கு வேராக வைக்கப்படுவது அவனுடைய ஆண்மைக் குறைவு. ஒரு மரக்கால் நெல்லுக்கும் ஒரு சிவப்புக் கொடிக்கும் எதிராக ஒரு வர்க்கமும் ஒரு சாதியும் சேர்ந்து வைத்த தீயை, ஒரு மனிதனுடைய உடம்புக் குறையாகச் சுருக்கிவிட்டால் ஊர் தப்பித்துக்கொள்ளும். எரித்தவன் நோயாளி. மற்றவர்கள் எல்லாம் நல்லவர்கள். இந்த விமர்சனத்தை முன்னமே பலர் வைத்திருக்கிறார்கள். திரும்ப வைக்கிறேன், ஏனென்றால் கம்பெனிகளைப் பற்றி எழுதும்போதும் இதே சுருக்கம் நடக்கிறது. ஒரு முதலாளியின் பேராசை, ஒரு அதிகாரியின் ஊழல் என்று ஆளைக் காட்டிவிட்டு, அவன் ஆலைக்குள் யாரை நிரந்தர வேலைக்கு வைத்தான், யாரைக் காண்டிராக்டில் கழிவு அள்ள வைத்தான் என்பதைக் கேட்காமலே முடிந்துவிடுகின்றன நம் கதைகள்.

மூன்றாவது, டாக்டர் பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கிய நாவல். தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, தொழிலாளர் சங்கம் கட்டியவர் டேனியல். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணியின் வார்த்தையை நம்பி ஆனைமலை ஏறுகிற கருப்பனும் வள்ளியும் எங்கிருந்து வந்தவர்கள், ஏன் அவர்களை மட்டும் கங்காணிகள் தேடி வந்தார்கள் என்பது அந்த நாவலில் மறைக்கப்படவில்லை. அதை வைத்து 2013இல் பாலா எடுத்த 'பரதேசி'யில் அந்தச் சனம் வெறும் 'ஏழைச் சனம்' ஆகிவிட்டது. வைத்தியம் பார்க்க வந்த டாக்டர், மதம் பரப்ப வந்து ஆடிப்பாடுகிற கோமாளியாகிவிட்டார். சங்கம் கட்டின டாக்டரின் புத்தகத்திலிருந்து சங்கத்தை எடுத்துவிட்டுக் கண்ணீரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கண்ணீர் பொதுவானது. சங்கம் பொதுவானது அல்ல போலிருக்கிறது.

இதற்கு எதிராக நம் பக்கத்திலிருந்து என்ன வந்தது? ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' ஆவணப்படம் வந்தது. அது இல்லையென்றால் ஜூலை 23இல் ஆற்றங்கரையில் நடந்ததற்குக் கண்கண்ட சாட்சி நமக்குள்ளேயே புதைந்திருக்கும். மாரி செல்வராஜ் 'தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்' என்று ஒரு தொகுப்புக்கே பெயர் வைத்தார். அந்தப் பெயரை மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அதுல நானும் இருக்கேன்" என்றார். இலக்கியம் என்றால் எனக்கு அதுதான். வாசிக்கத் தெரியாத ஒருவர் தலைப்பைக் கேட்டதுமே தன் பெயரை அதில் கண்டுகொள்வது.

4

ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் எப்போதும் ஏழையின் ஏழ்மையைப் பற்றியே பேசுகிறார்கள். எங்கள் அனுபவத்தில் ஏற்றத்தாழ்வுக்கு இன்னொரு முகம் உண்டு. ஏழை ஏழையாக இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பது அது.

1995 ஆகஸ்ட் 31. கொடியன்குளம். வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்து, கல்வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்த ஊர். நூற்றுக்கணக்கில் போலீஸ் இறங்கியது. டி.வி., மின்விசிறி, தையல் மெஷின், பாத்திரம் எல்லாம் உடைக்கப்பட்டன. பாஸ்போர்ட்டும் படிப்புச் சான்றிதழும் எரிக்கப்பட்டன. கிணற்றில் விஷம் கலந்தார்கள். அரசு நிவாரணம் கொண்டு வந்தபோது ஊர் அதை வாங்க மறுத்தது.

சான்றிதழைக் கிழிப்பதால் எந்தக் கம்பெனிக்கும் லாபம் இல்லை. இதைக் 'கார்ப்பரேட் பேராசை' என்கிற சொல்லால் விளக்க முடியாது. நாம் மேலே வருவதே சிலருக்கு நஷ்டமாகத் தெரிகிறது. அந்த நஷ்டக் கணக்கை எழுதுகிறவர்களில் நம்மைப் போலவே கம்பெனியிடம் ஏமாந்தவர்களும் உண்டு. இதைச் சொல்லாமல் 'சுரண்டப்படும் அனைவரும் ஒன்று' என்று மேடையில் சொன்னால், நம் சனம் கை தட்டும், வீட்டுக்குப் போகும், அடுத்த தடவை வராது.

5

2011 செப்டம்பர் 17 அன்று நியூயார்க்கில், பங்குச்சந்தைத் தெருவான வால் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் கொஞ்சம் பேர் போய் உட்கார்ந்தார்கள். ஒரு சதம் பேர் எல்லாவற்றையும் வைத்திருக்கிறார்கள், நாங்கள் 99 சதம் என்றார்கள். அந்த முழக்கம் உலகம் பூராவும் பரவியது. நல்ல முழக்கம். கணக்கும் எளிது. ஆனால் அந்த மைதானத்திலேயே கறுப்பினத்தவர்கள் எழுந்து, இந்த 99க்குள் நாங்கள் எந்த இடத்தில் என்று கேட்டார்கள். 'ஆக்கிரமிப்போம்' என்று முழக்கமிட்டபோது, இந்த மண்ணே எங்களிடமிருந்து ஆக்கிரமிக்கப்பட்டதுதானே என்று அமெரிக்கப் பூர்வகுடிகள் கேட்டார்கள்.

நம் ஊர்க் கணக்கும் அதுதான். 99க்குள்ளும் ஒரு மேலத்தெரு உண்டு, ஒரு கீழத்தெரு உண்டு. அந்த ஒருவனைத் துரத்தியபின் மிச்சமிருக்கிற 99 பேரும் எந்தப் பானையில் தண்ணி குடிப்பார்கள் என்பதை இப்போதே பேசிக்கொள்வது நல்லது.

அப்படியென்றால் போகாமல் இருந்துவிடலாமா? நம்மில் சிலர் அப்படிச் சொல்லுகிறார்கள். 'அவன் புகை, அவன் சண்டை. நம்ம செத்தப்போ வந்தானா?' கோபம் நியாயமானது. முடிவு தப்பானது. இந்த இடத்தில் அம்பேத்கரிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

1928இல் பம்பாய்ப் பஞ்சாலைகளில் பெரிய வேலைநிறுத்தம். ஆலைகளில் நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். அறுந்த நூலை வாயால் ஈரப்படுத்திச் சேர்க்க வேண்டியிருந்ததால் அந்தப் பிரிவில் தீண்டப்படாதவர்களை விடுவதில்லை. விடாதவர்கள் முதலாளிகள் மட்டுமா? கூட வேலை பார்த்த தொழிலாளிகளும்தான். அம்பேத்கர் சங்கத் தலைவர்களிடம் கேட்டார்: உங்கள் கோரிக்கைப் பட்டியலில் இது இருக்கிறதா? இல்லை. சேருங்கள் என்றார். பத்து வருஷம் கழித்து, 1938 நவம்பர் 7 அன்று, வேலைநிறுத்த உரிமையை நெரிக்கிற தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து அதே கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து பம்பாயில் வேலைநிறுத்தம் நடத்தியதும் அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சிதான். அதே 1938இல் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர்களிடம் பேசும்போது பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டையும் எதிரிகள் என்று சொன்னார்.

அவர் வெளியே நின்று ஒதுங்கவும் இல்லை, உள்ளே போய்க் கரையவும் இல்லை. பட்டியலைக் கையில் வாங்கிப் பார்த்தார். விடுபட்டதை எழுதச் சொன்னார். பிறகு தெருவில் இறங்கினார். நமக்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம்.

6

இனி எங்கள் ஊர்.

உடன்குடி என்றால் வெளியே கருப்பட்டி. பனைமரம், தேரிமண், குலசை தசரா. இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது, 1320 மெகாவாட் அனல் மின்நிலையம். நிலக்கரி இறக்கக் கல்லாமொழியில் கடலுக்குள் பாலம். வலை போடுகிற இடம் போய்விடுமே என்று மீனவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். நியாயமான போராட்டம். இந்தக் கரையில் கடலில் இறங்குகிறவனுக்குச் சேர வேண்டியது சேர்ந்ததே இல்லை. வெள்ளைக்காரன் காலத்து முத்துக்குளிப்பில்கூட மூச்சடக்கி மூழ்கி எடுத்தவனுக்கு மூன்றில் ஒரு பங்கு சிப்பி, கரையில் குடை பிடித்து நின்ற சர்க்காருக்கு மூன்றில் இரண்டு பங்கு.

இந்த மாதிரி ஒரு பிரச்சினைக்காக எங்கள் பக்கத்தில் ஒரு கூட்டம் கூட்டினார்கள். எந்த ஊர், யார் கூட்டினார்கள் என்பது வேண்டாம். நோட்டீசில் 'பொதுமக்கள் அனைவரும் திரண்டு வாரீர்' என்று இருந்தது. எங்கள் தெருச் சுவரிலும் ஒட்டியிருந்தார்கள். இருபது முப்பது பேர் போனோம். கூட்டம் ஒரு சாதிக்காரர்களின் கல்யாண மண்டபத்தில். சித்தி வாசல் வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டாள். "உள்ள வாங்க, வாங்க" என்று அவர்கள் கூப்பிடத்தான் செய்தார்கள். சித்தி நகரவில்லை. "ஏ மக்கா, அறுவது வருசமா இந்த மண்டபத்துக்குள்ள நான் போனதில்ல. எச்சி எல எடுக்கப் பின்வாசல் வழியாப் போயிருக்கேன். இன்னைக்கி முன்வாசல் வழியா வான்னு சொல்லுதாவ. நாளைக்கும் சொல்லுவாவளா?"

கூட்டம் முடிந்து மனுவில் கையெழுத்து வாங்கினார்கள். தெருத் தெருவாக, தனித்தனித் தாளில். எங்கள் தாள் கடைசியில். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வசதிக்காகச் செய்தார்கள். ஆனால் அந்த வசதி எத்தனை நூற்றாண்டு வசதி! கம்பெனிக்கு எதிரான மனுவில்கூட எங்கள் பெயர் ஊருக்குக் கடைசியில், தனித் தாளில் இருந்தது. சேரி எப்படி இருக்கிறதோ அப்படியே.

என்னோடு வந்த பையன் ஒருத்தன், கல்லூரியில் படிக்கிறவன், எழுந்து கேட்டான். "அண்ணாச்சி, எல்லாப் பேரையும் கலந்து ஒரே தாள்ல எழுதுனா என்ன? கோரிக்கையில கூலியாளுக்கு நஷ்ட ஈடுன்னு ஒரு வரி சேத்தா என்ன?" நிலம் கொடுத்தவனுக்குப் பணம், படகு வைத்திருப்பவனுக்குப் பணம். அந்த நிலத்தில் கூலிக்குப் போனவனுக்கும், அந்தப் பனங்காட்டில் ஓலை பொறுக்கினவளுக்கும் என்ன? மனுவில் அவர்கள் இல்லவே இல்லை. ஏனென்றால் நிலம் வைத்திருப்பவர்கள்தான் இழக்க முடியும் என்று மனு எழுதினவர்கள் நினைத்தார்கள்.

கொஞ்சம் முணுமுணுப்பு. பிறகு ஒரு பெரியவர் சொன்னார்: "பையன் சொல்லுதது சரிதான். சேத்து எழுது." அந்த ஒரு வரி சேர்ந்தது. தாள் கலக்கவில்லை. "அடுத்த தடவ பாப்போம்" என்றார்கள்.

ஒரு வரி. இதை வெற்றி என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. தோல்வி என்று எழுதவும் மனசு வரவில்லை.

7

நம்மைப் பற்றியும் கொஞ்சம் பேசிக்கொள்வோம். மற்றவர்கள் எழுத்தில் மௌனத்தைத் தேடுகிற நாம் நம்முடைய மௌனத்தையும் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு ஜூலை 23க்கும் தாமிரபரணிக் கரைக்குப் பூவோடு போகிறோம். வருஷம் போகப் போக அது ஒரு சாதியின் திதியாகச் சுருங்கிக்கொண்டு வருகிறது. கூலி கேட்டுச் செத்தவர்களுக்குக் கூலிக்காரர்கள் எல்லாரும் சொந்தம் இல்லையா? பறையரும் அருந்ததியரும் அங்கே எத்தனை பேர் வருகிறோம், எத்தனை பேரை அழைக்கிறோம்? கல்லாமொழி மீனவர் போராட்டத்தைப் பற்றி நம் பத்திரிகைகள் எத்தனை பக்கம் எழுதின? நம் மேடைகளில் மைக் எத்தனை பெண்கள் கைக்குப் போகிறது? சிறைக்குப் போனதில் பெண்கள், ஆற்றில் செத்ததில் பெண்கள், நினைவுக்கூட்டத்தில் பேசுவது மட்டும் ஆண்கள்.

2024இல் மாஞ்சோலையில் கம்பெனி வேலையை நிறுத்தியது. குத்தகை 2028இல் முடிகிறது என்று விருப்ப ஓய்வுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நான்கு தலைமுறை வாழ்ந்த வீட்டைக் காலி பண்ணச் சொன்னது. அந்தத் தாளில் 'விருப்பம்' என்று அச்சடித்திருந்ததாம். தோட்டத்தை அரசு தேயிலைக் கழகம் எடுத்து நடத்த வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். உயர் நீதிமன்றம் வரை போனார்கள். தூத்துக்குடிக்காகத் திரண்ட 'பொதுமக்கள்' மாஞ்சோலைக்காகத் திரண்டார்களா என்று கேட்கிறோம். நாமே எத்தனை பேர் மலையேறினோம் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்தக் கேள்விக்கு மரியாதை.

ஆகவே நண்பர்களே, எழுதுகிறவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. போராட்டத்தைப் பற்றிக் கவிதை எழுதுவதற்கு முன்னால் சில சின்ன விவரங்களை எழுதி வையுங்கள். பந்தலில் யார் எங்கே உட்கார்ந்தார்கள். யார் சமைத்தார்கள், யார் பாத்திரம் கழுவினார்கள். கையெழுத்துத் தாள் எத்தனை. தண்ணிப்பானை எத்தனை. கோரிக்கையில் கூலியாள் எந்த வரியில் வந்தான். இவை சின்ன விஷயம் என்று சொல்லுகிற விமர்சகரை நம்பாதீர்கள். எங்கள் வரலாறு முழுக்க இந்தச் சின்ன விஷயங்களில்தான் இருக்கிறது.

போராட்டத்துக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. போங்கள். கட்டாயம் போங்கள். நம் மூச்சுக்குழாயும் அதே காற்றைத்தான் இழுக்கிறது. கம்பெனி முதலில் தோண்டுவது நம் சுடுகாட்டையும் நம் புறம்போக்கையும்தான். ஆனால் போகும்போது பட்டியலைக் கேளுங்கள். 'முதலில் கம்பெனியைத் துரத்துவோம், அதெல்லாம் பிறகு' என்றால், 1928இலிருந்து அந்தப் 'பிறகு'வுக்காகத்தான் காத்திருக்கிறோம் என்று சொல்லுங்கள்.

இதை எழுதி முடித்து மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். உடன்குடிக் கடைக்காரர் கண் கலங்கினார் என்று எழுதியிருந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். "அத எடுத்துராத. அவரு அழுதது நெசம். எங்களுக்கு அழலங்கியதும் நெசம். ரெண்டையும் எழுது." பிறகு அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டார். சித்தியும் வருகிறாளாம். இந்தத் தடவை வேப்பமரத்தடியில் நிற்கப் போவதில்லையாம். உள்ளே போய்த் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கைநாட்டு வைப்பாளாம்.